தச்சிவாவின் நெஞ்சில் மண்டிய காடு

1974ஆம் ஆண்டு மே மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, ஒன்யினாசே ஊரில் அஃபுவா தச்சிவாவின் நெஞ்சில் புல் முளைத்தது. காலையில் கழுத்தெலும்புக்குக் கீழே பச்சையாக நாலு இழை தெரிந்தது. மத்தியானம் அவள் சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தபோது அது ரவிக்கையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. உப்பு மீன் விலை ஏறிவிட்டதைச் சொல்ல வந்த பக்கத்துக் கடைக்காரி டூஃபியே, அதைச் சொல்லி முடித்த அதே குரலில், "ஏன்க்கா, நெஞ்சுல காடு மண்டிடுச்சே" என்றாள். "மண்டாம என்ன செய்யும்?" என்று தச்சிவா தக்காளியை அடுக்கினாள். அன்றைக்கு ஊரில் இதைப் பற்றி வேறு யாரும் கேட்கவில்லை.

கேட்க ஒன்றுமில்லை. அந்த ஊர்ப் பேச்சில் கோபத்துக்குப் பெயரே அதுதான். நெஞ்சையும் களை மண்டுவதையும் ஒன்றாகக் கட்டி, தலையில் ஓர் எழுத்தை வைத்தால் கோபம் என்று ஆகிவிடும். நெஞ்சு வயிற்றுக்குள் இறங்கி உட்கார்ந்தால் நிம்மதி. கண் ஒன்றின்மேல் போய்ப் படுத்துக்கொண்டால் நம்பிக்கை. முகம் கீழே விழுந்தால் அவமானம். கண்ணையும் நீரையும் சேர்த்தால் என்னவென்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொற்கள் இப்படி உடம்பிலிருந்து கிளம்புவதால், அவ்வப்போது உடம்புக்கே திரும்பி வந்து நடந்தும் விடும். கோகோ நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், தோட்டக்காரர் ஒருவருக்கு நெஞ்சு உண்மையாகவே வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. தையல்காரர் அவருடைய சட்டைகளை எல்லாம் பிரித்துத் தைத்தார். தச்சிவாவின் விஷயத்தில் ஊருக்கு இருந்த ஒரே ஆச்சரியம், ஒரே ராத்திரியில் முளைத்துவிட்டதே என்பதுதான்.

காரணம் அவளுடைய தம்பி. ஒவுசு அச்சாவ் அந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று வீட்டில் முடிவானபோது, மூன்றாம் வகுப்பிலிருந்து நின்றுகொண்டவள் தச்சிவா. அவள் தலையில் வாழைத்தாரும் மரவள்ளியும் சுமந்து அவனை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை அனுப்பினாள். அவன் அங்கிருந்து ஆங்கிலத்தோடு திரும்பி வந்தான். வந்ததிலிருந்து வேறு எதையும் பேசவில்லை. சந்தையில் பேசவில்லை, சாவு வீட்டில் பேசவில்லை. தன் ஆடுகளைக்கூட ஆங்கிலத்தில்தான் கூப்பிட்டான், ஆடுகள் டூஃபியேயின் கொல்லைக்குப் போயின. அந்த மக்களிடையே குழந்தைக்குத் தகப்பனைவிடத் தாய்மாமனுக்குத்தான் உரிமை அதிகம். தச்சிவாவின் ஒரே மகள் யா ஃப்ரேமாவுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கு மாமாவும் ஹெட்மாஸ்டரும் ஒரே ஆள்.

புல் முளைப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, அவர் மூன்றாம் வகுப்பில் வினையுரிச்சொற்களை நடத்திக்கொண்டிருந்தார். அவர் நாற்காலிக்கு அடியில், சாக்பீஸ் பெட்டிக்குப் பின்னால், ஒரு கருநாகம் தலையைத் தூக்கியது. முதலில் பார்த்தவள் ஃப்ரேமா. "ஓவோ! ஓவோ! மாமா, காலைத் தூக்குங்க!" என்று கத்தினாள். ஓவோ என்றால் பாம்பு. ஆங்கிலம் தவிர எதுவும் காதில் விழாத மனிதருக்கு அந்த ஒரு நொடி மட்டும் தாய்மொழி தெளிவாகப் புரிந்தது. இரண்டு காலையும் மேசைமேல் தூக்கிக்கொண்டார். பெரிய பையன்கள் விளக்குமாற்றால் பாம்பை அடித்துக் கொன்றார்கள். பிறகு அவர் இறங்கினார், கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார், சுவரில் ஆணியில் தொங்கிய பலகையை எடுத்து அந்தப் பிள்ளையின் கழுத்தில் மாட்டினார்.

பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'நான் முட்டாள். நான் வட்டார மொழியில் பேசினேன்.' மாட்டிக்கொண்டவர் அதைக் கழற்ற ஒரே வழி, வேறொரு பிள்ளை தாய்மொழியில் பேசுவதைக் கேட்டுக் காட்டிக்கொடுப்பது. கேட்டதும் பலகை அந்தக் கழுத்துக்கு மாறும். சாதாரணமாக ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கழுத்து மாறிவிடும். யாரையும் அடிக்காமலே ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும் ஒற்றர்களாக்கிவிட்ட ஏற்பாடு அது. யோசித்துக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் கை அழுகிப்போகட்டும்.

ஃப்ரேமா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. முதல் நாள் மட்டும் அவள் காதுபடப் பதினொரு பிள்ளைகள் பேசினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பலகை அவள் கழுத்திலேயே வீட்டுக்கு வந்தது. அதைப் பார்த்த ராத்திரிதான் தச்சிவாவின் நெஞ்சில் விதை விழுந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, நாலு இழைப் புல்லோடு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினார். அக்காவுக்கு அது புரியாது என்பதால், வாசலில் நின்ற காவல்காரனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். ஊர்த்தலைவர்தான் நேராகப் பேசமாட்டார், அவருக்குப் பதில் பேச ஓர் ஆள் உண்டு. சொந்த அக்காவோடு பேச ஆள் வைத்துக்கொண்டது ஒன்யினாசேயில் இவர் ஒருவர்தான்.

"சார் சொல்றாரு," என்று காவல்காரன் கூசிக்கொண்டே தொடங்கினான், "விதின்னா எல்லாருக்கும் விதிதானாம். மருமகளா இருந்தாலும் சரியாம்."

"அவ கத்தலேன்னா நேத்தே உன் சாரைப் பெட்டியில வச்சு ஆணி அடிச்சிருப்போம். அதைச் சொல்லு."

காவல்காரன் சொன்னான். பதில் வந்தது. காவல்காரன் தலையைச் சொறிந்தான். "சார் சொல்றாரு, நம்ம பேச்சு ஒரு மொழியே இல்லையாம். அதுக்கு இலக்கணமே கிடையாதாம்."

"கிடையாதா?" தச்சிவா காவல்காரனை விலக்கிவிட்டு மேசைக்கு வந்தாள். "டேய், அந்த வயித்துக்குள்ள இருக்கே வாழைக்காய், அதை எந்த மொழியில கேட்டு வாங்கித் தின்ன? என் முதுகுல தொங்கிக்கிட்டு எந்த இலக்கணத்துல அழுத? சொல்லுடா!"

அவர் மணியை அடித்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தச்சிவா நேராகச் சந்தைக்குப் போய்த் தக்காளியை இறக்கினாள். மத்தியானத்துக்குள் புல் ரவிக்கையைத் தாண்டியது.

பலகை பருவம் முடியும்வரை, பதினொரு வாரம், ஃப்ரேமாவின் கழுத்தில் இருந்தது. கயிறு தேய்ந்த இடத்தில் கருத்த கோடு விழுந்தது. எந்த வாரத்தில் அவள் பேச்சை நிறுத்தினாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பேசவில்லை என்பதை ஆசிரியர்கள் கவனித்தார்கள், வீட்டில் எதுவுமே பேசவில்லை என்பதைத் தாய் கவனித்தாள். விடுமுறை விட்டுப் பலகையைக் கழற்றிய பிறகும் பேச்சு வரவில்லை. தச்சிவா தினமும் காலையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு சொல்லில் பாதியைச் சொல்வாள். "கண்" என்பாள். மீதியை மகள் சொல்லட்டும் என்று காத்திருப்பாள். ஃப்ரேமா தாயின் உதட்டைப் பார்ப்பாள், பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். அந்த மீதிப் பாதிக்காகத் தச்சிவா ஒன்பது வருஷம் காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பணமோ மன்னிப்போ கேட்டு அவள் யார் வாசலிலும் நிற்கவில்லை.

புல் புதராயிற்று. பள்ளிக்கு எதிரே தினமும் அந்தப் புதரோடு அக்கா நடந்துபோவது தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. மாவட்டச் சுகாதார ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினார். வீட்டைச் சுற்றிக் களை மண்டினால் அபராதம் போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பொன்ஸ்ரா என்ற அந்த ஆய்வாளர் காக்கிக் கால்சட்டையும் வெட்டுக்கத்தியுமாக வந்து சேர்ந்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வீட்டுக்கு முன்னால் களை, வீட்டுக்குப் பின்னால் களை, சாக்கடை ஓரத்தில் களை என்று இருந்தது, நெஞ்சில் களை என்று இல்லை. "காலி இடம் இருந்தா பயிர் வைங்கன்னு ரேடியோவுல அரசாங்கமே கத்துதே, கேக்கலையா?" என்று தச்சிவா கேட்டதற்கு அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். ஆனாலும் வந்த வேலையை முடிக்க வேண்டுமே. ஒரு கைப்பிடி புதரைப் பிடித்து இழுத்தார். வேரோடு மண்ணும் வந்தது.

அப்போதுதான் வாசலில் கூடியிருந்தவர்கள் வாயில் கைவைத்தார்கள். அவர்களைக் கலங்க வைத்தது பெண்ணின் நெஞ்சிலிருந்து வந்த மண் இல்லை. அன்று வியாழக்கிழமை. வியாழன் பூமித்தாய் ஓய்வெடுக்கும் நாள். அன்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் மண்ணைக் கிளறவோ அதில் கத்தி வைக்கவோ மாட்டார்கள், மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடக்கக்கூட மாட்டார்கள். பொன்ஸ்ரா கடற்கரை ஊர்க்காரர், அவர் ஊரில் மண்ணுக்கு ஓய்வு வேறு நாள். ஆனால் தேதி குறித்துக் கூப்பிட்டவர் இந்த மண்ணில் பிறந்தவர். அவருக்கு வியாழன் என்பது பாடவேளை அட்டவணையில் உடற்பயிற்சி இருக்கும் நாள், அவ்வளவுதான்.

ஊர்த்தலைவர் சபை கூட்டினார். தலைவருக்காகப் பேசும் நிமோ கோலை ஊன்றி எழுந்தார். பொம்பளை நெஞ்சில் இருக்கும் மண் பூமியில் சேர்த்தியா இல்லையா என்று ஒரு பகல் முழுவதும் பேசினார்கள். முடிவை நிமோ சொன்னார்: "மண்ணு எங்க இருந்தாலும் மண்ணுதான். பிடுங்கினவருக்கு அபராதம் ஒரு ஆடு, பிடுங்கச் சொன்னவருக்கு ஒரு ஆடு, ஆளுக்கு ஒரு பாட்டில் ஜின்." தலைமையாசிரியர் எழுந்து தன் தரப்பைத் தலைவரின் முகத்துக்கு நேராக, ஆங்கிலத்தில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சபையில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய முகம் கழன்று கீழே விழுந்தது. பொன்ஸ்ரா குனிந்து எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார். திரும்ப மாட்டிக்கொண்டதில் இடப்பக்கம் சற்று இறங்கிவிட்டது, கடைசிவரை அப்படியே இருந்தது.

"ஆடு எனக்கு எதுக்கு நானா?" என்று தச்சிவா சபை நடுவில் நின்று கேட்டாள். நானா என்பது தலைவரை மரியாதையாக அழைக்கும் சொல். "அந்தப் பலகையை எரிக்கச் சொல்லுங்க. எம்பொண்ணு வாயைத் திருப்பித் தரச் சொல்லுங்க."

தலைவர் நிமோவின் காதில் ஏதோ சொன்னார். நிமோ இந்த முறை கோலை ஊன்றவில்லை. "பள்ளிக்கூடத்து வாசப்படி வரைக்கும்தான் நானாவோட சொல்லு செல்லும், தாயே. அதுக்கு உள்ள செல்லாது."

ஆடுகளை ஊரே தின்றது. பலகை ஆணியிலேயே இருந்தது. பிடுங்கிய இடத்தில் ஒரு வாரத்தில் சேம்பு முளைத்தது. யாரும் நடாமலே, வெட்டிய காட்டில் தானாக வருகிற சேம்புதான் அது.

பிறகு வருஷங்கள் போயின. தச்சிவா மல்லாந்து மட்டுமே படுக்கக் கற்றுக்கொண்டாள். ரவிக்கைகளைக் கழுத்து அகலமாகத் தைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் இலைகள் முறத்தளவு விரிந்து, தக்காளிக்கூடைக்கு நிழல் கொடுத்தன. நெஞ்சை அமைதிப்படுத்த யார் யாரோ வந்தார்கள். பாதிரியார் வந்து பொறுமையைப் பற்றிப் பேசினார். பொறுமைக்கும் அந்த மொழியில் நெஞ்சைத்தான் ஒட்டிவைக்க வேண்டும். "இதுக்கு மேல எதை ஒட்டுறது சாமி, இடம் எங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள். லாகோஸுக்கு வேலைக்குப் போன கணவன், அங்கிருந்து வெளிநாட்டுக்காரர் எல்லோரையும் விரட்டிய வருஷம் லாரியில் திரும்பி வந்து இறங்கினான். மனைவியைப் பார்த்து, "நல்லா வளந்திருக்கே" என்று மட்டும் சொன்னான். ஃப்ரேமாவுக்குப் பதினேழு வயதாயிற்று. விரல்களைக் காட்டியே தக்காளி விற்றாள், யாரும் அவளை ஏமாற்றவில்லை. தினமும் காலையில் தாய் பாதிச் சொல்லைச் சொன்னாள். தினமும் காலையில் மகள் பாத்திரம் கழுவினாள்.

அந்த வருஷம்தான், 1983இல், மழை வரவில்லை. தீ வந்தது. கோகோத் தோட்டங்களும் மரவள்ளியும் வாழையும் எரிந்தன, காட்டு ஓரத்தில் நின்ற இலவமரங்கள்கூடப் பற்றிக்கொண்டன. பிறகு பஞ்சம் வந்தது. அந்த மொழியில் யாருக்கும் பசிப்பதில்லை, பசி ஆளைப் பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் அது தெருவில் இறங்கி ஒவ்வொருவரையும் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது. எல்லோருக்கும் கழுத்தெலும்பு துருத்தியது. ஒன்யினாசேயில் பச்சையாக இருந்தது ஒரே இடம்தான். ஒன்பது வருஷக் கோபத்தின் வேர் எவ்வளவு ஆழம் போயிருந்ததோ, தச்சிவாவின் நெஞ்சில் ஓர் இலைகூட வாடவில்லை.

அவள் வெட்டிக் கொடுத்தாள். காலையில் வெட்டினால் சாயங்காலம் தழைத்தது. வியாழன் கத்தி படக்கூடாது என்பதால் புதன்கிழமை இரட்டிப்பாகக் கொடுத்தாள். தலைவர் வீட்டுக்குப் போயிற்று, பாதிரியார் வீட்டுக்குப் போயிற்று, ஆய்வாளர் பொன்ஸ்ராகூட மாவட்டத் தலைநகரிலிருந்து சைக்கிளில் வந்து, தொப்பியைக் கழற்றி, ஒரு கட்டு வாங்கிப் போனார். யாரிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. தம்பிக்கு மட்டும் நிமோ மூலம் சொல்லி அனுப்பினாள்: "பலகையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துலேர்ந்து என் வாசல் வரைக்கும் நடந்து வரணும். வந்தா இலை. இல்லேன்னா அவனோட இங்கிலீஷை அவிச்சுத் தின்னச் சொல்லுங்க."

மூன்று மாதம் அவர் வரவில்லை. கால்சட்டை நிற்காமல் பள்ளி மணியின் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான்காம் மாதம், ஒரு புதன்கிழமை காலை, பசி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அக்காவின் வாசலில் விட்டது. பலகை கழுத்தில் இல்லை, அக்குளில் இருந்தது. தெரு முழுவதும் பின்னால் வந்து நின்றது. அவர் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். தச்சிவா காதைத் தடவிக்கொண்டு, "காவல்காரனைக் கூட்டிட்டு வரலையா?" என்றாள். அவர் நாக்கைப் புரட்டித் தாய்மொழியைத் தேடினார். "பசி" என்றார். அதற்குமேல் வரவில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் பாதிதான் வந்தது.

"கழுத்தைக் குனி" என்றாள் தச்சிவா. பலகையைப் பிடுங்கினாள். கயிற்றை இரண்டு கையாலும் விரித்தாள். சேம்பு இலைகள் எல்லாம் நடுங்கின. ஒன்பது வருஷமாக அவள் மனதில் பார்த்துப் பார்த்து வைத்திருந்த நிமிஷம் அது. தம்பி குனிந்தார்.

"வேண்டாம்மா."

எட்டு வயதுக் குழந்தையின் குரல் அது. எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். பேசியது ஃப்ரேமா. பயன்படுத்தாமல் வைத்திருந்ததால் குரல் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது. அவள் வந்து தாயின் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டாள். "இது என்னோடது. நான் அப்பவும் யாருக்கும் மாத்தி விடல. இவருக்கும் விடமாட்டேன்."

தச்சிவா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஃப்ரேமா கத்தியை எடுத்துத் தாயின் நெஞ்சிலிருந்து ஆறு இலைகளை வெட்டி மாமாவிடம் கொடுத்தாள். "அன்னைக்கு நான் கத்தலேன்னா இன்னைக்குப் பசி பிடிக்கறதுக்கு நீங்களே இருந்திருக்க மாட்டீங்க மாமா. கொண்டுபோங்க."

பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு வேகவைக்கப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலேயே ஓர் இலையைத் தின்றார். அரிப்பில் கண்ணும் நீரும் சேர்ந்து வந்தன. தெரு இன்னும் நெருங்கி வந்தது. இனி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அவருடைய தாய்மொழி முழுசாக, ஒரு பாதியும் உதிராமல், திரும்பி வந்திருந்தது.

"பலகையைக் கொடும்மா," என்றார் தெளிவாக. "அது பள்ளிக்கூடத்துச் சொத்து. கணக்குல இருக்கு."

"குடுக்கலேன்னா?"

"புதுசு ஒண்ணு செய்யச் சொல்லணும். என்ன பண்றது, விதி இருக்கே."

கூட்டத்தில் யாரோ கல்லை எடுத்தார்கள். நிமோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியர் ஐந்து இலைகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, இறங்கிய முகத்தோடு, வந்த வழியே நடந்தார். அந்தப் பருவம் முடிவதற்குள் தச்சனிடமிருந்து புதுப் பலகை வந்துவிட்டது. ஃப்ரேமா பழையதைக் குப்புறப் போட்டு அதன்மேல் சேம்பு இலையை நறுக்கினாள். இன்றுவரை அந்த வீட்டில் அதுதான் நறுக்கும் பலகை.

ஃப்ரேமா பேசிய மறுநாள் காலை தச்சிவா வழக்கம்போல மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "கண்" என்றாள்.

"நீர்" என்றாள் ஃப்ரேமா.

தச்சிவா மகளின் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "முகம்" என்றாள்.

"கீழ விழுந்துடுச்சு."

"நெஞ்சு."

ஃப்ரேமா அதற்கு மீதியைச் சொல்லவில்லை. ரவிக்கையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். கயிறு தேய்ந்த கருத்த கோட்டுக்குக் கீழே, பச்சையாக, ஒரு முளை எட்டிப் பார்த்தது.

தச்சிவா குனிந்து பார்த்தாள். "புல்லா, சேம்பா?"

"இன்னும் தெரியலம்மா."

அன்று வியாழக்கிழமை. அதை யாரும் தொடவில்லை.